மேலால் பறந்து போகும் விமானம்

மாமா அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு அன்றிரவே மறந்திருப்பேன். 2024ஆம் ஆண்டு, ஒஸ்லோவில் தங்கையின் மகனுக்குப் பிறந்தநாள். வட நோர்வேயின் சிறிய ஊர்களுக்கு அரச மானியத்தில் பறக்கும் விமானங்களின் உச்சக் கட்டணத்தை அரசாங்கம் பாதியாகக் குறைத்திருந்த நேரம். நான் தொழிலால் கணக்காய்வாளன். ரோல்ஸ் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு ஒரு சிறிய விரிவுரையே நடத்தினேன். ஆயிரம் பேர் கூட இல்லாத ஊர்களுக்கு நாளுக்குச் சில தடவை விமானம். முக்கால்வாசி இருக்கைகள் காலி. ஐந்து பேரை ஏற்றி இறக்க இரண்டு விமானிகள், ஒரு பணிப்பெண், தரையில் தீயணைப்பு வண்டியோடு ஒரு குழு. எல்லாம் எங்கள் வரிப்பணம். இப்படிப் பேசும்போது நாம் நியாயமானவர்கள் என்ற உணர்வு தானாகவே வந்துவிடுகிறது. நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கிலிருந்து அந்தப் பிறந்தநாளுக்காகவே வந்திருந்த மாமா, சம்பலை விரலால் வழித்துக்கொண்டே, "நீங்கள் எல்லாரும் அதில ஏறித்தானே போனனீங்கள்" என்றார். பிறகு மாமியிடம் இன்னொரு ரோல்ஸ் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியம் செருப்புக்குள் போன சிறு கல்லைப் போல என்னோடேயே நடந்துகொண்டிருந்தது. அவர் என்ன சொல்ல வந்தார் என்பதைப் பல மாதங்களாக ஒரு விதமாகத்தான் விளங்கிவைத்திருந்தேன்: விமானம் இல்லாவிட்டால் நீங்கள் ஒஸ்லோவுக்கே வந்திருக்க மாட்டீர்கள், ஆகவே நன்றி கெட்டுப் பேசாதீர்கள் என்று. அது பிழையான விளக்கம் என்பதை அறிய, அடுத்த ஜனவரியில் ஒரு பொல்லாத காற்று வீச வேண்டியிருந்தது.

விமானியின் கைகள்

ஃபின்மார்க் கரையோரத்து மீன்பிடி ஊரான போட்ஸ்ஃபியோர்ட்டை விட்டு நாங்கள் வெளியேறியது 1997இல். அப்பா 1987இல் அங்கே போயிருந்தார். அம்மாவும் நானும் மூன்று ஆண்டுகள் கழித்துச் சேர்ந்துகொண்டோம். ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. யாழ்ப்பாணத்தில் கடல் பார்த்துப் பழகியவர்களும் பழகாதவர்களுமாக எத்தனையோ பேர் ஹமர்ஃபெஸ்ட், ஹொன்னிங்ஸ்வோக், போட்ஸ்ஃபியோர்ட், வாட்சோ என்று கரையோரம் முழுவதும் பரவி, ரப்பர்ச் சப்பாத்தும் நீலத் தொப்பியும் அணிந்து கொட் மீனின் முள்ளைக் கத்தியால் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிள்ளைகளுக்குப் படிப்பு, கோயில், தமிழ்ப் பள்ளி, நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்கு அப்பாலும் சூரியனே எழாத இருட்டு என்று காரணங்கள் சேரச் சேர ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே இறங்கியது. இதை வாசிப்பவர்களில் பலருக்கு இந்தக் கதையை நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு நினைவிருப்பது அந்த விமானம்தான். ட்வின் ஒட்டர். பத்தொன்பது பேர் ஏறலாம். அன்றைய போட்ஸ்ஃபியோர்ட்டின் பழைய ஓடுபாதை அதைவிடப் பெரிய விமானத்துக்குப் போதாது. இப்போதிருக்கும் ஆயிரம் மீற்றர் ஓடுபாதை 1999இல்தான் திறக்கப்பட்டது. விமானிகளுக்கும் எங்களுக்கும் இடையில் கதவு இருக்கவில்லை. பதினொரு வயதில், தங்கையை மடியில் வைத்திருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, விமானி தன் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, கூரையிலிருந்து தொங்கிய இரண்டு பிடிகளை மெதுவாக முன்னுக்குத் தள்ளியதைப் பார்த்தேன். அந்த விமானத்தில் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டும் பிடிகள் கூரையில்தான் இருக்கும். மேலே தட்டில் இருக்கும் சீனிப் போத்தலை எடுப்பதுபோல் சாதாரணமாக அவர் கையை உயர்த்தினார். நாங்கள் ஓர் ஊரையே விட்டுப் போய்விட்டோம். அதே 1997 ஏப்ரலில்தான், லாபம் தராத வழித்தடங்களை அரசாங்கம் கேள்விப்பத்திரம் கோரிக் காசு கொடுத்து நடத்துவிக்கும் இன்றைய முறை தொடங்கியது என்பதைப் பின்னாளில், அதுவும் அந்தப் பிறந்தநாள் விரிவுரைக்கு ஆதாரம் தேடும்போது, வாசித்தேன். எங்களை அனுப்பிவைத்த ஆண்டிலேயே, அங்கே இருப்பவர்களைக் கைவிடுவதில்லை என்று ஓர் ஒப்பந்தமும் எழுதப்பட்டிருக்கிறது. வாசித்தபோது இதையும் என் கட்சிக்குச் சாதகமாகவே குறித்துக்கொண்டேன்: பார், ஆட்கள் போன பிறகும் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.

ஜனவரி

2025 ஜனவரி இறுதியில், போட்ஸ்ஃபியோர்ட்டிலேயே தங்கிவிட்ட மாமாவுக்கு இதயக் குழாய்ச் சோதனைக்காக ட்ரொம்சோ பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து திகதி வந்தது. மாமி ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அந்தக் கிழமை அவருக்கு விடுமுறை இல்லை. அவர்களின் மகள் ட்ரொன்ட்ஹைமில் நிறைமாதமாக இருந்தாள். மாமா முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பேசுவது மீன் தொழிற்சாலை நோர்வேஜிய மொழி. கத்தி, பெட்டி, கிலோ, ஓய்வுநேரம் எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும், இதயத்துக்குப் போதாது. ஆகவே நான் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வருவதென்று ஏற்பாடு. ஒஸ்லோவிலிருந்து ட்ரொம்சோ வரை பெரிய ஜெட் விமானம். அங்கிருந்து கரையோரமாக ஹமர்ஃபெஸ்ட், மேஹாம்ன், பெர்லவோக், போட்ஸ்ஃபியோர்ட், வாட்சோ என்று ஊர் ஊராக இறங்கி ஏறும் டாஷ் எட்டு. முப்பத்தொன்பது இருக்கைகள்.

இந்த விமானத்தில் ஏறாதவர்களுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால், யன்னலோரம் இருந்தால் கீழே எல்லாம் தெரியும். இயந்திரத்தின் அடிவயிற்றிலிருந்து சில்லு கீழே இறங்குவதும் கண்முன்னே தெரியும். இரண்டு கறுப்புச் சில்லுகள் காற்றில் அசையாமல் தொங்கிக்கொண்டு வந்து, நிலத்தைத் தொட்ட கணத்தில் வெள்ளைப் புழுதியாகப் பனியைக் கிளப்பிக்கொண்டு சுழலத் தொடங்கும். எண்ணூறு மீற்றர் ஓடுபாதையில் மெல்லத் தொட்டு வழுக்கிக்கொண்டு போக நேரம் கிடையாது. விமானி விமானத்தை நிலத்தில் வைக்கிறார், அழுத்தி வைக்கிறார். உடனே விசிறிகள் எதிர்ப்பக்கம் இழுக்க, வயிற்றுப் பட்டி வயிற்றை அறுக்கும். பறக்கும்போது இன்னொரு சத்தமும் உண்டு. விசிறியின் அலகுகளில் பிடித்த பனிக்கட்டி கழன்று விமானத்தின் பக்கச் சுவரில் வந்து அடிக்கும். தகரக் கூரையில் யாரோ கல்லெறிவதுபோல் இருக்கும். முதல் அடிக்கு நான் மட்டும் துள்ளினேன். பக்கத்திலிருந்த பெண் பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் காலுறையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பனிக்கட்டிதான்" என்றார்.

பழக்க தோசத்தில் ஆட்களை எண்ணினேன். ட்ரொம்சோவில் புறப்படும்போது முப்பத்தொரு பேர். ஹமர்ஃபெஸ்டில் பதினான்கு பேர் இறங்க, எட்டுப் பேர் ஏறினார்கள். மேஹாம்னில் ஆறு பேர் இறங்கி மூன்று பேர் ஏறினார்கள். அங்கே இறங்கும்போது மட்டும் விமானத்துக்குள் ஒரு சிறு அமைதி இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. 1982 மார்ச் 11 அன்று பெர்லவோக்கிலிருந்து மேஹாம்னுக்கு வந்துகொண்டிருந்த ட்வின் ஒட்டர் கடலில் விழுந்து, அதிலிருந்த பதினைந்து பேரும் இறந்தார்கள். பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்று அருகில் வந்ததுதான் காரணம் என்ற சந்தேகம் பல ஆண்டுகள் தீரவேயில்லை. நான்கு விசாரணைக் குழுக்கள் இருந்து, கடைசியாக 2005இலும் காற்றின் கொந்தளிப்பையே காரணமாகச் சொன்னார்கள். நாங்கள் போட்ஸ்ஃபியோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த விபத்துக்கு எட்டு வயது. தொழிற்சாலையில் கிழவர்கள் அதைப்பற்றிக் கதைப்பதை அப்பா வீட்டில் வந்து சொல்வார். அம்மா, பிள்ளைகளுக்கு முன்னால் கதைக்காதீர்கள் என்பார்.

பெர்லவோக்கில் ஏழு பேர் இறங்கினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இப்போது ஆள் இல்லை. பல நூறு கிலோமீற்றர் தெற்கே போடோவில் ஒருவர் கமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டு அந்த ஓடுபாதையைக் கவனிக்கிறார். மீண்டும் மேலெழுந்தபோது விமானத்தில் நாங்கள் பதினேழு பேர். அதில் போட்ஸ்ஃபியோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்னோடு ஆறு பேர்: மீன் தொழிற்சாலைக்குத் திரும்பும் லித்துவேனியர் இருவர், குழந்தையோடு ஒரு தாய், விளையாட்டுப் பையைக் காலுக்கிடையில் வைத்திருந்த ஒரு பதின்ம வயதுப் பையன், நான். முப்பத்தொன்பது இருக்கைகளில் பதினேழு. என் பிறந்தநாள் விரிவுரை அச்சுப் பிசகாமல் என் முன்னால் அமர்ந்திருந்தது.

இரண்டு தடவை

பெர்லவோக்கிலிருந்து போட்ஸ்ஃபியோர்ட் பத்து நிமிடம் போல. சில்லுகள் இறங்கின. போட்ஸ்ஃபியோர்ட் விமான நிலையம் ஊருக்குள் இல்லை. ஊருக்கு மேலே, ஏறத்தாழ நூற்றைம்பது மீற்றர் உயரத்தில், மரம் என்று ஒன்றுகூட இல்லாத மேட்டில் இருக்கிறது. காற்றுக்கு அங்கே தடையே கிடையாது. விமானம் ஒரு பக்கம் தள்ளப்படுவதும், விமானி அதை இழுத்து நேராக்குவதும், மறுபடி தள்ளப்படுவதும் இருக்கை வழியாகவே தெரிந்தது. யன்னலில் விமானத்தின் விளக்கு வெளிச்சத்தில் பனி நேர்கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தது. தரை வந்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் இயந்திரங்கள் உறுமின. மூக்கு மேலே எழுந்தது. கண்முன்னால் தொங்கிக்கொண்டிருந்த சில்லுகள் மடங்கி உள்ளே போயின.

சிறிது நேரத்தில் தலைமை விமானியின் குரல் வந்தது. குறுக்குக் காற்று அளவுக்கு மேல் இருக்கிறது, இது விட்டு விட்டு வீசும் காற்று, சில நிமிடங்கள் வட்டமிட்டுவிட்டு இன்னொரு தடவை முயற்சிப்போம், சரிவராவிட்டால் வாட்சோவுக்குப் போவோம். பேருந்துச் சாரதி அடுத்த தரிப்பிடத்தைச் சொல்வதுபோன்ற குரல். வட்டமிட்டோம். பத்து நிமிடம் இருக்கலாம், எனக்கு நீண்டதாகத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான், பயத்தை மறக்கவோ என்னவோ, எனக்குள்ளிருந்த கணக்காய்வாளன் வேலையைத் தொடங்கினான். இன்னொரு முயற்சிக்கு எவ்வளவு எரிபொருள்? வாட்சோவுக்கும் அதற்கு அப்பாலும் போகவேண்டிய பதினொரு பேரின் நேரம்? ஆறு பேருக்காகப் பதினொரு பேர் ஏன் இந்த இருட்டில் குலுங்கவேண்டும்? ஒஸ்லோவில் இதை ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்திருந்தால், நேரே வாட்சோவுக்குப் போ என்று கையெழுத்திட்டிருப்பேன்.

நான் சுற்றிப் பார்த்தேன். அந்தப் பதினொரு பேரின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒருவரும் பெருமூச்சு விடவில்லை. குழந்தை அழத் தொடங்கியபோது, முன் இருக்கையில் இருந்த கிழவர் தன் திறப்புக் கோர்வையைப் பின்னால் நீட்டி ஆட்டினார். காலுறை பின்னும் பெண்ணிடம், நீங்கள் எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். வாட்சோ என்றார். உங்களுக்கு நேரமாகிறதே என்றேன், மன்னிப்புக் கேட்கும் தொனியில். அவர் ஊசியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "போன கிழமை வாட்சோவில் மூடுபனி. எங்களைப் போட்ஸ்ஃபியோர்ட்டில் இறக்கினார்கள். அங்கே ஒரு வீட்டில்தான் படுத்தேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. தையல்களை எண்ணத் தொடங்கிவிட்டார்.

இரண்டாம் தடவை முதல் தடவையைவிடக் கீழே வந்தோம். மேகம் ஒரு கணம் கிழிந்தது. நான் ஊரைப் பார்த்தேன். துறைமுகம், அதன் இரு கரையிலும் மீன் தொழிற்சாலைகளின் மஞ்சள் விளக்குகள், கறுத்த தண்ணீரில் அவற்றின் நிழல், அதற்கு மேலே படிப்படியாக வீடுகளின் யன்னல் வெளிச்சம். நாங்கள் இருந்த வீட்டின் வரிசையைக்கூடக் கண்டேன் என்று நினைக்கிறேன். அது நினைப்பாகவும் இருக்கலாம். இரண்டு விநாடிகள் இருக்குமா? பிறகு இடது பக்கம் ஓர் அடி விழுந்தாற்போல் விமானம் சரிந்தது, இயந்திரங்கள் உறுமின, விளக்குகள் கீழே சாய்ந்து மறைந்தன. சில்லுகள் மடங்கின. பையன் கழற்றி வைத்திருந்த காதொலியை மறுபடி காதில் மாட்டிக்கொண்டான்.

அந்த இரண்டு விநாடியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒஸ்லோவிலிருந்து நான் இத்தனை காலமும் போட்ஸ்ஃபியோர்ட்டைப் பார்த்தது இந்தக் கோணத்திலிருந்துதான்: மேலிருந்து, கடந்து போகும்போது. அங்கே இறங்கவேண்டிய ஆளாக ஒருமுறை ஆனபோதுதான், அந்த விளக்குகளில் ஒன்றின் கீழே ஒருவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பது உறைத்தது. மாமா நின்றிருக்கிறார். பிறகு சொன்னார்: முதல் தடவை சத்தம் கிட்ட வந்து தூரப் போனபோது மாமியிடம், "இன்னொருக்கா வருவான்" என்றாராம். இரண்டாம் தடவையும் தூரப் போனபோது, "மேலால போட்டுது" என்று சொல்லிவிட்டுப் புட்டை மூடி வைத்தாராம்.

வாட்சோ

வாட்சோவில் காற்றே இல்லை. இதுவும் அந்தப் பக்கத்தின் இயல்பு. பதினைந்து நிமிடப் பறப்புக்குள் இரண்டு வானிலை. எங்கள் ஆறு பேரையும் போட்ஸ்ஃபியோர்ட்டுக்குக் கொண்டுபோக ஒரு சிறிய பேருந்து வந்தது. வானத்தில் கால் மணி நேரமான தூரம், தரையில் நூற்று அறுபது கிலோமீற்றருக்கு மேல். ஃபியோர்ட்டைச் சுற்றி, தானா ஆற்றுப் பாலத்தடிக்குப் போய், மறுபடி வடக்கே மலைக்கு மேலால். பேருந்து வாட்சோ ஊருக்குள் எரிபொருள் நிரப்ப நின்றபோது, பாலத்துக்கு அப்பால் உள்ள சிறிய தீவை லித்துவேனியர்களில் ஒருவருக்குக் காட்டினேன். 1926இல் துருவப் பயணி அமுண்ட்செனும் கப்பலை வடிவமைத்த நோபிலேயும் வடதுருவத்துக்கு மேலாகப் பறந்த ஆகாயக் கப்பலை வழியில் கட்டிவைத்த இரும்புக் கோபுரம் இன்னும் அங்கே நிற்கிறது. 1928இல் நோபிலே தன் இரண்டாவது கப்பலையும் அங்கேதான் கட்டினார். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அவர் தலையாட்டினார், பிறகு, "அவர்களுக்கும் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டி வந்ததா?" என்று கேட்டார்.

மலையேறும் இடத்தில் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள். பனி தள்ளும் வண்டி வரும்வரை காத்திருந்து, அதன் பின்னால் வரிசையாக, முன்னால் போகும் வாகனத்தின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு போகவேண்டும். மணி ஒன்று தாண்டித்தான் போய்ச் சேர்ந்தேன். மாமா கதவைத் திறந்து, பிந்தியதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், "கொட் தலை வைச்ச குழம்பு இருக்கு. சூடாக்கட்டோ?" என்றார்.

அன்றிரவு தூக்கம் வராமல், கைத்தொலைபேசியில் அந்த எண்களை மறுபடி கூட்டிப் பார்த்தேன். கடைசித் துண்டில் பதினேழு பேர் என்பது உண்மை. ஆனால் ட்ரொம்சோவிலிருந்து வாட்சோ வரை அந்த முப்பத்தொன்பது இருக்கைகளில் இருந்து எழுந்தவர்கள் மொத்தம் நாற்பத்து நான்கு பேர். பேருந்தின் கடைசித் தரிப்பிடத்தில் நின்று ஆட்களை எண்ணிவிட்டுப் பேருந்து காலி என்று எழுதும் கணக்காய்வாளனை நான் வேலைக்கு வைக்க மாட்டேன். ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், இந்தக் கூட்டலால் காசுக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. இந்த வழித்தடங்கள் தம் செலவை ஒருநாளும் தாமே சம்பாதிக்கப் போவதில்லை. 1968இல் இன்னும் தெற்கே ஹெல்கலாண்ட் கரையோரத்திலும் அதை அண்டியும் முதல் நான்கு குறும் ஓடுபாதைகளைத் திறந்தபோதும், 1974இல் ஃபின்மார்க்குக்கு அதை நீட்டியபோதும் இது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அன்றிலிருந்து பெரும்பாலும் அந்தத் தடங்களில் பறந்துவரும் வீடெரோ நிறுவனத்திடம் இருக்கும் சிறிய டாஷ் எட்டுகளை இப்போது ஒருவரும் தயாரிப்பதில்லை. எண்ணூறு மீற்றரில் இறங்கி ஏறக்கூடிய, அதே அளவு புதிய விமானம் சந்தையில் இல்லை. உள்ளதைக் கழற்றிப் பூட்டி ஆயுளை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓடுபாதைகளை நீட்டுவதா, சிலவற்றை மூடிவிட்டுப் பெரிதாக ஒன்றைக் கட்டுவதா, மின்சார விமானத்துக்குக் காத்திருப்பதா என்ற விவாதத்துக்கு என்னிடம் விடை இல்லை. ஒருவேளை அடுத்த வரவுசெலவுத் திட்டம் வரும்போது நான் பழையபடி முணுமுணுக்கவும் கூடும்.

மாமாவின் கார்

இரண்டு நாள் கழித்து மாமாவோடு திரும்பினேன். காலை, காற்று விழுந்து, தெற்கே அடிவானத்தில் செம்மஞ்சள் கோடு தெரிந்தது. சூரியன் திரும்பி வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. விமான நிலையத்தில் எங்கள் பையை நிறுத்து ஒட்டுத்தாள் ஒட்டியவரே, சற்று நேரத்தில் மஞ்சள் மேலங்கியோடு வெளியே நின்று அதே பையை விமானத்தின் வயிற்றுக்குள் தூக்கிவைத்தார். பையோடு, சுகாதார நிலையத்திலிருந்து வந்த வெள்ளைப் பெட்டி ஒன்றும் போனது. ஊராரின் இரத்த மாதிரிகள். மாமா அதைக் காட்டி, "என்ரை ரத்தம் எனக்கு முந்தி எத்தினை தரம் போட்டு வந்திட்டுது" என்றார்.

அவர் சில்லுத் தெரியும் யன்னலைத் தேடி அமர்ந்தார். எப்போதும் அங்கேதானாம். ஏன் என்று கேட்டேன். "இறங்குதோ எண்டு ஒராள் பாக்கத்தானே வேணும்." விமானம் எழுந்து ஊரின் மேலால் திரும்பியபோது, தொழிற்சாலையைக் காட்டினார், எங்கள் பழைய வீட்டைக் காட்டினார், பிறகு துறைமுகத்திலிருந்து பழைய ஓடுபாதைப் பக்கம் போகும் தெருவைக் காட்டினார். "இதாலதான் எல்லாரையும் கொண்டு போனனான்" என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. அந்த நாட்களில் ஊர்த் தமிழரில் கார் வைத்திருந்த முதல் ஆள் மாமாதான். ஒரு வெள்ளை டொயோட்டா, பின்கதவு கம்பியால் கட்டியிருக்கும். 1997இல் எங்களை அதில்தான் கொண்டுபோய்விட்டார். நான் பைகளுக்கு மேலே இருந்தேன். எங்களை மட்டும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். யாருக்குப் பயணம் என்றாலும் அவருக்குத்தான் அழைப்புப் போகும். இரவு வேலை முடித்து வந்து, பைகளை ஏற்றி, அவர்களை இறக்கி, விமானம் எழும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, வெறும் காரில் திரும்புவார். எத்தனை குடும்பம் மாமா என்று கேட்டேன். பெயர் சொல்லி விரல் மடிக்கத் தொடங்கினார். எங்கள் பெயர் ஏழாவதாக வந்தது. பெர்லவோக்கில் சில்லுகள் இறங்கியபோது பேச்சை நிறுத்திவிட்டு அவற்றைப் பார்த்தார். தரையைத் தொட்ட பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மீண்டும் எழும்பி மேஹாம்ன் வந்தும் அவர் எண்ணி முடிக்கவில்லை.

நீங்கள் எல்லாரும் அதில ஏறித்தானே போனனீங்கள். அதில் நன்றிக்கணக்கு எதுவும் இருக்கவில்லை. தான் கண்டதைச் சொல்லியிருக்கிறார். நான் காலி என்று எண்ணிய இருக்கைகள் எப்படிக் காலியாகின என்பதை, ஒவ்வொரு இருக்கையாக, பெயரோடு, அறிந்த மனிதரிடம் நான் காலி இருக்கைகளைப் பற்றி விரிவுரை செய்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டேன். போகிறவர்களைத் தவிர வேறு யாரையும் கொண்டுபோய்விடவில்லையா என்று. "ஏன், கொம்மாவைக் கொண்டு போனனான்" என்றார். தங்கை பிறப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால். பிரசவ வசதி உள்ள மருத்துவமனை கிர்க்கனெஸில்தான். போகும்போது அம்மா தனியே. திரும்பி வரும்போது கையில் துணிச்சுருளோடு படியிறங்கி வந்தாராம், காற்றில் துணி பறக்காமலிருக்க விமானி தன் தொப்பியால் மறைத்துப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாராம். அன்றைக்கு மாமாவின் கார் நிரம்பித் திரும்பியிருக்கிறது. பிறந்தநாள் கொண்டாடிய பையனின் தாய் அவள்தான்.

சோதனையில் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு குழாயில் சிறிய அடைப்பு, மருந்து போதும், ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். ட்ரொம்சோ விமான நிலையத்தில், ஊர்வரைக்கும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "நீ ஒஸ்லோவுக்குப் போ. எனக்கு வழி தெரியும்." அவருடைய வாசலில் அழைப்பு முதலில் வந்தது. பையைத் தோளில் மாட்டி, திரும்பிப் பார்க்காமல், முன்வரிசைக்குப் போவதற்காக விரைவாக நடந்தார்.

இரவு பத்தரைக்கு, நான் ஒஸ்லோவில் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கையில், தொலைபேசி அடித்தது.

"மேலால போட்டுது" என்றார் மாமா. "இப்ப வாட்சோவில நிக்கிறன். கோப்பியும் வாஃபலும் தந்தவங்கள். பஸ் வருதாம்."

நெஞ்சு எப்படி இருக்கிறது, குளிருக்குப் போதுமானது போட்டிருக்கிறீர்களா, மருந்து கையில் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ம் என்றார். பிறகு, எப்படி வாயில் வந்ததோ தெரியாது, விமானத்தில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டேன்.

"போட்ஸ்ஃபியோர்ட்டுக்கு நாலு பேர்" என்றார். "ரெண்டு தரம் சுத்தினவன். ஏன், எழுதப் போறியோ?"